கோடி வந்த வாசல்

கோலா கெத்தில்
10.3.2025

திரு. பழனியாண்டி அவர்களுக்கு,

நவமணி எழுதுவது. நான் நலம். உங்கள் நலத்தைக் கேட்டு எழுதுவதுதான் முறை. கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று ஞாயிறு பத்திரிகை வாங்கினேன். ராசிபலனுக்காக மட்டும் பத்திரிகை வாங்குகிறவள் நான். என் ராசிக்குப் பழைய உறவு தேடி வரும் என்று போட்டிருந்தது. ஆமாம், வந்து கிழிக்கும் என்று சொல்லிக்கொண்டே பக்கத்தைத் திருப்பினால் கவிதைப் பகுதியில் உங்கள் பெயர், ஊர், எல்லாம்.

உயிரோடு இருந்தவர் வாசலில்
கோடிச்சேலையோடு நின்றவன் நான்.
அன்று அடைத்த கதவு
நல்ல பலகை.
ஒன்பது மழைக்கும்
உப்பவே இல்லை.

யாரைக் கேட்டு இதை எழுதினீர்கள்? கூடப் பிறந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தோன்றவில்லையா? அதுவும் தப்புத் தப்பாக. அது நல்ல பலகை இல்லை, வெறும் பிளைவுட். இரண்டாவது மழைக்கே உப்பி, அடியில் கறையான் ஏறி, மகள் சாந்தினி இரும்புக் கதவு மாற்றி நாலு வருஷம் ஆகிறது.

இந்தத் தோட்டத்து லய வீடுகளில் பத்திரிகை வாங்குகிற வீடு நாலு. நாலு வீட்டுக்கும் அன்றைக்கு என்ன நடந்தது என்று தெரியும். என் பெயரைப் போடவில்லை என்று நீங்கள் நினைக்கலாம். உங்கள் பெயரைப் போட்டாலே என் பெயரைப் போட்ட மாதிரிதான்.

உங்கள் நம்பரை ப்ளாக் செய்து ஒன்பது வருஷம் ஆகப்போகிறது. அதை எடுத்துவிட மனசில்லாமல்தான் தபாலில் எழுதுகிறேன். இனிமேல் இந்த மாதிரி எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
நவமணி சிவநேசன்


திகாம் பத்து
19.3.2025

அன்புத் தங்கை நவமணிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். நானும் உன் அண்ணி செல்லாயியும் சுகமாக இருக்கிறோம். வலது கண்ணில் புரை என்று டாக்டர் சொல்கிறார், ஓட்டுகிற அளவுக்குத் தெரிகிறது. உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? சாந்தினி அலோர் ஸ்டாரில்தான் வேலை செய்கிறாளா?

தபால்காரர் உறையைக் கொடுத்ததும் கையெழுத்தைப் பார்த்தேன். பிரிக்காமல் அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். செல்லாயி அதை வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தாள். உள்ளே திட்டு இருந்தது அவளுக்குத் தெரியாது. 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். ஒன்பது வருஷத்தில் எனக்கு மரியாதை கூடியிருக்கிறது.

கதவு விஷயத்தில் நீ சொல்வது சரி. உன்னைக் கேட்காமல் எழுதியதும் தப்புதான்.

இதெல்லாம் எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன். கம்பெனி பஸ்ஸில் காலை ஷிப்ட் ஆட்களைச் சுங்கை பட்டாணியில் இறக்கிவிட்டால் மதியம் வரை எனக்கு வேலை இல்லை. ஒருநாள் பஸ்ஸில் உட்கார்ந்து டிரிப் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். தேதி போட்டேன், பஸ் நம்பர் போட்டேன். அப்புறம் கை நிற்கவில்லை. சீட்டைத் திருப்பி ஐந்து வரி எழுதியது. படித்துப் பார்த்தால் உன்னைப் பற்றி. இரண்டாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான், உனக்குத் தெரியும். எனக்குப் பயமாகிவிட்டது. பஸ்ஸை விட்டு இறங்கி வெளியே நின்றுகொண்டேன்.

பத்திரிகையில் வந்ததைப் பஸ்ஸில் வருகிற ஒரு பிள்ளையிடம் காட்டினேன். "அங்கிள், இது என்ன துணி லா?" என்று கேட்டது. புருஷன் இறந்துபோனால் அந்தப் பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து அண்ணன் தம்பி கொண்டுபோய்ப் போடுகிற புதுச்சேலை என்றேன். முழுக்கதையும் கேட்டது, சொன்னேன். மாப்பிள்ளை போய்விட்டார் என்று நினைத்துச் சேலையும் மாலையுமாக மோட்டார் சைக்கிளில் போய் இறங்கினேன், அவர் நாற்காலியில் சாய்ந்து மைலோ குடித்துக்கொண்டிருந்தார், தங்கச்சி கதவை அடைத்துவிட்டாள், நாற்பத்தொரு நாளில் அவர் நிஜமாகவே போய்விட்டார், கோடி வாசல் ஏறியதால்தான் போனார் என்று சொல்லி என்னைச் சாவு வீட்டுக்குள் விடவில்லை என்று. அந்தப் பிள்ளை, "அவரு இறந்துட்டாருன்னு உங்களுக்கு யாரு அங்கிள் சொன்னது?" என்றது. ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

இதுவரை முப்பத்தெட்டு ஆகிவிட்டது. சுங்கை பட்டாணி வாசகர் வட்டத்தில் காளிதாசன் என்று ஓய்வுபெற்ற ஆசிரியர் இருக்கிறார். தீபாவளிக்கு முன்னால் புத்தகமாகப் போடலாம் என்கிறார். என் தங்கச்சி சரி என்றால்தான் என்று சொல்லியிருக்கிறேன். நீ வேண்டாம் என்றால் வேண்டாம். எல்லாவற்றையும் மடித்து அலமாரியில் வைத்துவிடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்
பழனியாண்டி


கோலா கெத்தில்
2.4.2025

அண்ணனுக்கு,

நலம். முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, அதற்கென்ன. சாந்தினி அலோர் ஸ்டாரில்தான், வெள்ளி சனி லீவுக்கு வந்துபோகிறாள். கண்ணில் புரையோடு பஸ் ஓட்டினால் நாற்பது பேர் பாவம் சும்மா விடாது, முதலில் அதைப் பாருங்கள்.

புத்தகம் வேண்டாம். என் வீட்டுக் கதவு ஊரார் கையில் போக வேண்டியதில்லை.

ஆனால் முப்பத்தெட்டையும் நான் பார்க்க வேண்டும். ஒன்றுகூட ஒளிக்காமல் அனுப்புங்கள். அதில் ஒரு விஷயத்தை எழுதியிருக்கிறீர்களா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

பஸ்ஸில் அந்தப் பிள்ளை கேட்டதற்கு நீங்கள் சொன்ன பதிலைப் படித்தேன். படித்தேன் என்று மட்டும் சொல்கிறேன்.

நவமணி


திகாம் பத்து
14.4.2025

அன்புத் தங்கை நவமணிக்கு,

புத்தாண்டு வாழ்த்து. இன்று செல்லாயி மாங்காய்ப் பச்சடி வைத்தாள், நீ வைக்கிற பதம் வரவில்லை என்று அவளே சொன்னாள். அனைவரும் நலம். கண்ணுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

இந்த நோட்டில் பன்னிரண்டு இருக்கிறது. எழுத்துப் பெரிதாக இருக்கட்டும் என்று நிறுத்தி நிறுத்தி எழுதினேன். மிச்சத்தையும் எழுதி அனுப்புகிறேன். எதையும் ஒளிக்கவில்லை.

எழுதும்போது ஒன்று கவனித்தேன் நவமணி. இதில் பாதி வரி என்னுடையது மாதிரியே இல்லை. நான் இப்படிப் பேசுகிற ஆளா? பாசாரில் மீன் விலை கேட்கிற வாய் இது. ஆனால் அந்த பஸ்ஸில் தனியாக உட்கார்ந்தால் யாரோ மெதுவாகச் சொல்ல நான் எழுதிக்கொள்கிற மாதிரி வருகிறது. உன் மேல் இருந்த வருத்தம் எல்லாம் எழுதினால் குறையும் என்று பார்த்தேன். குறையவில்லை. ஆனால் அதை உட்கார வைக்க ஓர் இடம் கிடைத்தது.

நாலாவது பக்கத்தில் இருப்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். அது உனக்குப் பிடிக்காமல் போனால் நோட்டைத் திறக்காமலே திருப்பி அனுப்பிவிடலாம்.

மாலையைப் பார்த்து
மாப்பிள்ளை கேட்டார்:
'எலக்சன்ல ஜெயிச்சிட்டேனா மச்சான்?'
அவர் சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான்
கதவு அடைபட்டது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அண்ணன்


கோலா கெத்தில்
20.5.2025

அண்ணனுக்கு,

நலம்தான். கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததா? அண்ணிக்கு என் விசாரிப்பைச் சொல்லு. 'நீங்கள்' எழுதிக் கை வலிக்கிறது, இனி நீதான்.

உன் நோட்டு வந்ததும் திறக்காமல் அரிசி டின்னுக்குள் போட்டேன். மூன்று வாரம் அங்கேயே கிடந்தது. தினமும் அரிசி அளக்கும்போது கையில் இடிக்கும், தள்ளிவிட்டு அளப்பேன். போன வாரம் ஒரு காலையில் தள்ள முடியவில்லை, எடுத்துவிட்டேன்.

அந்த எலக்சன் பேச்சு எனக்கு மறந்தே போயிருந்தது. நீ மாலையோடு நின்றதும் நான் கதவை அறைந்ததும் மட்டும்தான் என்னிடம் இருந்தது. நடுவில் அவர் பேசியது போய்விட்டது. அவர் போட்டோ வீட்டில் ஆறு இருக்கிறது, குரல் எங்கேயும் இல்லை. நான் சமையல்கட்டில் நின்று அந்த வரியை வாய்விட்டுப் படித்தேன். அவரே பேசினார் அண்ணே. ஜெயிச்சிட்டேனா என்று இழுத்துக் கேட்பாரே, அதே இழுப்பு. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன். ஐந்து வரிக்குள் ஒரு மனுஷனை எப்படி உட்கார வைத்தாய்?

ஒன்பதாவது பக்கத்தைப் படித்தபோது நிஜமாகவே பயந்துவிட்டேன்.

கதவுக்கு அந்தப் பக்கம்
ஒரு வளையல் அசைந்தது.
அவள் உள்ளே போகவில்லை.
நானும் இறங்கவில்லை.
எங்களுக்கு நடுவில்
விரல் தடிமன் பலகை.

நான் அங்கேயே நின்றது உனக்கு எப்படித் தெரியும்? இதை நான் அவரிடம்கூடச் சொன்னதில்லை. உன் மோட்டார் சத்தம் போகிற வரைக்கும் கையைக் கதவில் வைத்துக்கொண்டு நின்றேன். வளையல் சத்தம் போட்டது எனக்கே தெரியாது.

சில தப்பும் இருக்கிறது. அன்றைக்கு மழை என்று எழுதியிருக்கிறாய். வெயில்தான். நீ வியர்த்து நின்றதை மழை என்று நினைத்துவிட்டாய் போல.

பன்னிரண்டையும் அந்த ஒரு விஷயத்துக்காகத் தேடிப் பார்த்தேன். இல்லை. மிச்சத்தில் இருக்கும், அனுப்பு.

நவமணி


திகாம் பத்து
28.5.2025

அன்புத் தங்கைக்கு,

கண் நல்லபடி ஆகிவிட்டது. கட்டு அவிழ்த்த அன்றைக்கு உன் கடிதம்தான் முதலில் படித்தது. செல்லாயி உன் விசாரிப்பைக் கேட்டுவிட்டு உள்ளே போய் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தாள்.

இந்த நோட்டில் மிச்சம் இருபத்தாறும் இருக்கிறது. மழையை வெயிலாக்கிவிட்டேன்.

இதில் ஒன்று சேலைக்கடையைப் பற்றியது. அதைப் பற்றி முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். நீ அந்தப் பையைப் பிரித்துப் பார்க்கவே இல்லை, அதனால் வெள்ளைச்சேலை என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பாய்.

கோடி என்றேன்.
கடைக்காரர் வெள்ளையை விரித்தார்.
என் தங்கச்சி
வெள்ளைக்கு ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை என்றேன்.
அவர் பேசாமல்
மேல்தட்டுக்கு ஏணி போட்டார்.

செங்கல் நிறம், மயில்கழுத்துக் கரை. ஒரு தீபாவளிக்கு நீ கேட்டு, அப்பா அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொன்னாரே, அதே மாதிரி. அலமாரியில் அந்துருண்டை போட்டு வைத்திருக்கிறாள் செல்லாயி. வருஷத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி மடிக்கிறாள்.

அன்றைக்கு ஏன் அப்படி ஓடி வந்தேன் என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. அப்பா இறந்தபோது மாமாவின் கோடி நேரத்துக்கு வரவில்லை, ஞாபகம் இருக்கிறதா? பிறந்த வீட்டில் ஆள் இல்லாதவளா என்று பெண்கள் பேசியது அம்மா காதில் விழுந்தது. பழைய சேலையோடு மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தாள். அப்போது எனக்குப் பதினாலு வயது. என் தங்கச்சிக்கு ஒருநாளும் இப்படி ஆகக்கூடாது என்று நினைத்தேன். அந்த நினைப்புதான் மோட்டாரை ஓட்டியது. நேரம் தப்பக்கூடாது என்று போனவன் நாற்பத்தொரு நாள் முந்திப் போய்விட்டேன்.

உடம்பைக் கவனித்துக்கொள். முட்டிக்குச் சூடான தவிடு ஒத்தடம் கொடு.

அண்ணன்


திகாம் பத்து
1.7.2025

அன்புத் தங்கை நவமணிக்கு,

சுகமாக இருக்கிறாயா? ஒரு மாதம் தாண்டிவிட்டது. நோட்டு வந்து சேர்ந்ததா என்று தெரியவில்லை. போஸ்ட் ஆபீஸில் கேட்டேன், சேர்ந்துவிட்டது என்றுதான் சொல்கிறார்கள்.

காளிதாசன் ஐயா நேற்றும் கேட்டார். புத்தகம் இல்லை என்று முடிவாகச் சொல்லிவிட்டேன். அவருக்கு வருத்தம்தான், எனக்கு இல்லை. நீ படித்தாய் இல்லையா, அது போதும். உண்மையாகத்தான் சொல்கிறேன்.

நீ தேடியது எதுவோ, அது கிடைக்கவில்லை என்றால் பயப்படாதே. அது எங்கேயும் போகாது. பதில் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சுகமாக இருக்கிறேன் என்று ஒரு வரி போட்டால் செல்லாயி நிம்மதியாக இருப்பாள்.

அண்ணன்


கோலா கெத்தில்
12.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகமாக இருக்கிறேன். அண்ணியிடம் சொல்லு.

நேற்று ஜூலை பதினொன்று, நீ கோடியோடு வந்து நின்ற நாள். முப்பத்தெட்டையும் நாலு தரம் படித்துவிட்டேன். நான் தேடியது எது என்று உனக்குத் தெரியும். தெரியாத மாதிரி எழுதுகிறாய். அதனால் நானே எழுதுகிறேன்.

அன்றைக்குக் காலையில் அவர் குளியலறையில் விழுந்து கிடந்தார். கண் செருகியிருந்தது. எனக்கு யாரைக் கூப்பிடுவது என்றே யோசனை வரவில்லை, கை தானாக உன் நம்பரைப் போட்டது. நீ "நவமணி"ன்னு சொன்னாய். நான் அழுதேன். ஒரு வார்த்தை பேசவில்லை. போனில் டாப் அப் காசு தீர்ந்து லைன் அறுந்துவிட்டது. அப்புறம் தோட்டத்துக் கிளினிக்கிலிருந்து டிரெஸர் ஓடி வந்து, சர்க்கரை இறங்கிவிட்டது என்று ஊசி போட்டு அவரை எழுப்பி உட்கார வைத்தார். அந்தச் சந்தோஷத்தில் உன்னைக் கூப்பிட்டதே எனக்கு மறந்துவிட்டது. நீ வாசலில் வந்து நின்றபோதுதான் ஞாபகம் வந்தது. அதனால்தான் அவ்வளவு வேகமாகக் கதவை அடைத்தேன்.

உனக்குச் சேதி சொன்னது யார் என்று அவர் வீட்டு ஆட்கள் எத்தனையோ தரம் கேட்டார்கள். சாந்தினியின் பெரியப்பா அப்பளசாமி, "சாவைக் கையோட கூட்டிக்கிட்டு வந்தவன்"ன்னு உன்னைச் சொன்னார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நான்தான் கூப்பிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே நின்றிருக்கும். சொன்னால் சாவை அழைத்தவள் என்று என்னைச் சொல்வார்களே என்று பயந்தேன். நீயும் சொல்லவில்லை. அவர் செத்த அன்றைக்கு எனக்குப் பக்கத்து வீட்டுக் கருப்பாயிதான் கோடி போட்டாள். அவள் எனக்கு என்ன உறவு? ஒன்றும் இல்லை.

இருபத்தேழாவதில் இப்படி எழுதியிருக்கிறாய்.

செம்பனை வரிசையில்
பதினேழாவது மரத்தடி.
அங்கே நின்றால் பறை கேட்கும்,
முகம் தெரியாது.
பதினாறாவது மரம் வரை வரலாம் என்று
யாரும் சொல்லவில்லை.

சாவு அன்றைக்கு உன்னைத் திருப்பி அனுப்பிவிட்டதாகத்தான் இவர்கள் சொன்னார்கள். நீ போயிருப்பாய் என்று ஒன்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்றுக் காலையில் எழுந்து, முட்டிக்குத் துணியைக் கட்டிக்கொண்டு, வீட்டிலிருந்து மரத்தை எண்ணிக்கொண்டே நடந்தேன். பதினேழாவதில் நின்று திரும்பினேன். என் வீட்டுக் கூரை மட்டும்தான் தெரிகிறது. அங்கேதானே நீ நின்றாய்? பறை நிற்கிற வரைக்குமா நின்றாய்?

அண்ணே, தீமிதித் திருவிழாவில் குழிக்குள் இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உடம்பு சிலிர்த்துக் கை தானாகக் குவியும். நேற்று அந்த மரத்தடியில் அப்படித்தான் ஆனது. லாரிக்காரன் ஒருவன் ஒரு மாதிரி பார்த்துக்கொண்டு போனான்.

முப்பத்தெட்டு கவிதை. கதவு இருக்கிறது, மாலை இருக்கிறது, சேலைக்கடையில் போட்ட ஏணிகூட இருக்கிறது. நான் கூப்பிட்டது எதிலேயும் இல்லை. ஏன் எழுதவில்லை? இதற்கு மட்டும் பதில் சொல்லு.

உன் தங்கச்சி
நவமணி


திகாம் பத்து
20.7.2025

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் கடிதத்தைச் செல்லாயியிடம் காட்டவில்லை. அவளுக்கும் இது தெரியாது.

எழுத முயற்சி செய்தேன். மூன்று நாலு தரம் 'போன் அடித்தது' என்று முதல் வரி வந்தது. அதோடு நின்றுவிட்டது. மற்றதெல்லாம் தானாக வந்தது, இது மட்டும் அசையவில்லை. அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. அந்த அழுகை உன்னுடையது. சேலை வாங்கியது நான், மாலை வாங்கியது நான், வாசலில் நின்றது நான். என்னுடைய தப்பை மட்டும்தான் நான் எழுதலாம். உன்னுடையதை எடுத்து எழுத எனக்கு ஏது உரிமை?

நீ பேசவில்லை என்று உன் மேல் கோபம் இல்லாமல் இல்லை. முதல் இரண்டு வருஷம் நிறைய இருந்தது. ஆனால் யோசித்துப் பார், லைன் அறுந்தது உன் பக்கம். என் போனில் டாப் அப் இருந்தது. நான் திரும்பக் கூப்பிட்டு, என்னம்மா ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கத் தைரியம் இல்லை. நீ அந்தச் சொல்லை உன் வாயால் சொல்லிக் கேட்பதற்குப் பதிலாகக் கடைக்கு ஓடினேன். கோழைத்தனம்தான். வெளியிலிருந்து பார்த்தால் கடமை மாதிரி இருந்தது.

பதினேழாவது மரத்தைப் போய்ப் பார்த்தாய் என்று படித்தபோது எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. நான் ஏதோ டிரிப் சீட்டின் பின்னால் கிறுக்குகிறேன், அதை நம்பி ஒருத்தி முட்டிவலியோடு மரத்தை எண்ணிக்கொண்டு நடக்கிறாள். எழுத்துக்கு இவ்வளவு பலமா? இனிமேல் எழுதும்போது பயந்து பயந்துதான் எழுத வேண்டும்.

பறை நின்ற பிறகும் நின்றேன். உன் வீட்டில் விளக்கு வைத்ததும் கிளம்பினேன்.

அண்ணன்
பழனியாண்டி


கோலா கெத்தில்
23.8.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் நலம். நீயும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும். ஒரு மாதம் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் இருக்கிறது.

வியாழக்கிழமை அவருக்குத் திவசம் கொடுத்தோம். சாந்தினியின் பெரியப்பா அப்பளசாமி, அவர் பிள்ளைகள், லயத்து ஆட்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ரசம் ஊற்ற வந்தேன். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டேன். "அன்னைக்கு எங்கண்ணனைக் கூப்பிட்டது நான்தான். அவரு விழுந்து கிடந்ததும் போன் போட்டு அழுதேன். அதைக் கேட்டுத்தான் ஓடி வந்தாரு. இத்தனை வருஷம் நான் வாயைத் தொறக்கல, அவரும் சொல்லல."

 பெரியவருக்கு எழுபத்துநாலு வயசாகிறது. இலையைப் பார்த்துக்கொண்டே, "இதை அப்பவே சொல்லியிருக்கலாம்ல புள்ள" என்றார். அப்புறம் ரசம் கேட்டார். போகும்போது வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே, "உங்கண்ணன் இன்னும் பஸ்ஸு ஓட்டுறானா?" என்று விசாரித்தார். அவ்வளவுதான் நடந்தது. இதற்குப் பயந்துதான் ஒன்பது வருஷம் உன்னை வெளியே நிறுத்தினேன். சாந்தினி மட்டும் சமையல்கட்டுக்கு வந்து, "ஏம்மா மாமாகிட்ட இப்படிப் பண்ணின?" என்று கேட்டு அழுதாள். 

இன்னொன்றும் இருக்கிறது. இதை யாரிடமும் சொல்லவில்லை, உனக்கு மட்டும்தான். அவர் போவதற்கு நாலு நாள் முன்னால், "மச்சானைக் கூப்புடு நவமணி, மாலையோட வந்த மனுசனுக்கு ஒரு டீ கூடக் குடுக்கல"ன்னு சொன்னார். வர மாட்டேன் என்று நீ சொல்லிவிட்டதாகப் பொய் சொன்னேன். நான் உன்னைக் கூப்பிடவே இல்லை. அவர், "கோவமா இருப்பாரு, அப்புறமா பார்த்துக்கலாம்"ன்னு சொல்லித் திரும்பிப் படுத்தார். அவர் உன் மேல் கோபப்படவே இல்லை அண்ணே. அந்த டீ இன்னும் பாக்கி.

புத்தகத்தைப் போடு. ஆனால் முப்பத்தெட்டோடு போடாதே, ஒன்று குறைகிறது. நீ எழுத முடியாது என்று சொன்னதை நான் எழுதிப் பார்த்தேன். ஒரு மாதம் ஆனது. மளிகைச் சாமான் எழுதுகிற நோட்டில் எழுதி எழுதிக் கிழித்தேன். இரண்டு சொல் சரியாக உட்கார்ந்த அன்றைக்கு எனக்குச் சோறே இறங்கவில்லை. நீ அந்த பஸ்ஸில் தனியாக உட்கார்ந்து என்ன பார்த்தாய் என்று இப்போதுதான் கொஞ்சம் தெரிகிறது. நீ முப்பத்தெட்டு எழுதியிருக்கிறாய். எனக்கு ஒன்றுக்கே உயிர் போய்விட்டது.

கூப்பிட்டது நான்.
பேச்சு வரவில்லை, அழுகை வந்தது.
அண்ணன் வந்தான்.
கூப்பிட்டது நான் என்று
நான் சொல்லவில்லை.
கதவை உள்ளே இருந்து
அடைத்தால் தாழ்ப்பாள்
உள்ளேதானே இருக்கும்.

கவிதையா என்று தெரியவில்லை. தப்பு இருந்தால் திருத்து, 'நான்' என்பதை மட்டும் எடுத்துவிடாதே. அடியில் என் பெயரைப் போடு. முழுப்பெயராகப் போடு.

உன் நம்பரை ப்ளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் கூப்பிட இன்னும் தைரியம் வரவில்லை.

உன் தங்கச்சி
நவமணி


திகாம் பத்து
28.8.2025

அன்புத் தங்கை நவமணிக்கு,

அண்ணன் நலம், அண்ணி நலம். நீயும் சாந்தினியும் நலம் என்று நினைத்துக்கொள்கிறேன்.

உன் கடிதத்தைப் பஸ்ஸில் வைத்துப் படித்தேன். மதிய ஷிப்ட் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து, "அங்கிள், இன்னிக்கு பஸ் போகாதா?" என்று கேட்கிற வரைக்கும் சாவியைத் திருகவில்லை. அன்றைக்குக் கோடி என்றால் என்ன என்று கேட்ட பிள்ளையிடம் உன்னுடையதைக் கொடுத்தேன். அது சத்தமாகப் படித்தது.  என்னுடைய முப்பத்தெட்டுக்கும் இப்படி ஒரு அமைதி கிடைத்ததில்லை. ஒரு எழுத்துக்கூடத் திருத்தவில்லை. காளிதாசன் ஐயாவிடம் கொடுத்துவிட்டேன், முப்பத்தொன்பதாவதாக, உன் முழுப்பெயரோடு.

மாப்பிள்ளை டீ கொடுக்கச் சொன்னார் என்று படித்த பிறகு எனக்கு வேறு எதுவும் எழுத வரவில்லை. அவர் பாக்கியை நீ கொடுத்துவிடு.

வரும் ஐந்தாம் தேதி வெள்ளிக்கிழமை நானும் செல்லாயியும் வருகிறோம். சேலையை அந்துருண்டை வாசம் போக வெயிலில் போட்டிருக்கிறாள். செங்கல் நிறம் கொஞ்சமும் மங்கவில்லை. புத்தகம் வெளியிடுகிற அன்றைக்கு நீ அதைக் கட்டிக்கொண்டு முன் வரிசையில் உட்கார வேண்டும்.

கிளம்புவதற்கு முன்னால் உனக்குப் போன் செய்வேன். நீ ஒன்றும் பேச வேண்டியதில்லை, அழுதாலும் பரவாயில்லை. என்னம்மா ஆச்சு என்று இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன்.

அண்ணன்
பழனியாண்டி